எல்.எல்.ஆர் கையில இருக்கு... பக்கத்து ஸ்டேட்ல வண்டி ஓட்டலாமா?

லாங் வீக்கெண்ட் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஆரம்பித்துவிடும். சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர் வழியாக பாண்டிச்சேரி. கோவைக்காரர்களுக்கு வாளையார் தாண்டினால் பாலக்காடு. ஓசூர்க்காரர்களுக்கு அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. வண்டி ரெடி, பெட்ரோல் ரெடி, பாட்டு லிஸ்ட்டும் ரெடி. அப்போது ஒருவர் மெதுவாகக் கேட்பார். "மச்சி, என்கிட்ட எல்.எல்.ஆர்தான்டா இருக்கு. அந்தப் பக்கம் செல்லுமா?"

உடனே குரூப் ரெண்டாகப் பிரியும். "அது தமிழ்நாட்டுக்குள்ள மட்டும்தான்டா செல்லும்" என்று ஒரு கோஷ்டி. "அதெல்லாம் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க, கிளம்பு" என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டு பதிலும் தப்பு. முதல் கோஷ்டிக்குச் சட்டம் தெரியவில்லை. ரெண்டாவது கோஷ்டிக்கு, போலீஸ் கேட்காவிட்டாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் என்பது தெரியவில்லை.

வேலைக்காகவும் படிப்புக்காகவும் பெங்களூரு, ஐதராபாத், கொச்சி என்று இளைஞர்கள் போய்க்கொண்டே இருக்கும் காலம் இது. எல்.எல்.ஆர் வாங்குவதும் முன்பைவிட ஈஸியாகிவிட்டது. அதனால் இந்தக் கேள்வியை வீக்கெண்ட் டிரிப்போடு முடிந்துபோகிற விஷயமாகப் பார்க்க முடியாது. கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

எல்லை தாண்டினால் செல்லுமா? செல்லும்!

முதலில் நல்ல செய்தி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 13 ஒரே வரிதான். அந்தச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட பழகுநர் உரிமமாக இருந்தாலும், முழு ஓட்டுநர் உரிமமாக இருந்தாலும் இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும் என்கிறது அது. மதுரை ஆர்.டி.ஓ ஆபீஸில் வாங்கிய எல்.எல்.ஆர் பெங்களூரிலும் செல்லும், புதுச்சேரியிலும் செல்லும், டெல்லியிலும் செல்லும்.

அப்படியென்றால் 'தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான்' என்ற பேச்சு ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது? எல்.எல்.ஆரைக் கொடுப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. அதன் நம்பரும் மாநில எழுத்துகளோடுதான் ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் 'இது நம்ம ஸ்டேட் விஷயம்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கொடுப்பவர் மாநில அதிகாரி என்றாலும், அவர் கொடுப்பது மத்தியச் சட்டத்தின்கீழ். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே லைசென்ஸ் என்பது மாநிலங்களின் அதிகாரம். பழகுநர்களுக்கான விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கிருந்து வரும் வீடியோவைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் விதியையும் அப்படியே நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆக, எல்லை ஒரு பிரச்னையே இல்லை. அப்போ சிக்கல் எங்கே? உங்கள் பக்கத்து சீட்டில்!

மூன்று நிபந்தனைகள்... ஒன்று போனாலும் எல்லாம் போச்சு

எல்.எல்.ஆரை நாம் 'குட்டி லைசென்ஸ்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முழு லைசென்ஸ் வரும்வரை அதை வைத்துச் சமாளிக்கலாம் என்கிற மாதிரி. சட்டம் அதை அப்படிப் பார்க்கவில்லை.

லைசென்ஸ் இல்லாமல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்பது பொது விதி. பழகுபவருக்கு மட்டும் அதிலிருந்து ஒரு விலக்கு தரப்படுகிறது. அந்த விலக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் மூன்றாவது விதியில் இருக்கிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்.

ஒன்று, காலாவதி ஆகாத எல்.எல்.ஆர் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

இரண்டு, அந்த வண்டியை ஓட்டுவதற்கான முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் உங்களுடன் இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதாது. வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது காரில் முன்பக்கத்து சீட். பின் சீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கும் அண்ணன் இந்தக் கணக்கில் வர மாட்டார்.

மூன்று, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். இதற்கு அளவுகூட சொல்லியிருக்கிறார்கள். போர்டு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். நோட்டுப் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் சின்னதாக எழுதி ஒட்டுவது இந்த அளவுக்கு வராது.

இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. ஒன்று விடுபட்டாலும், எல்.எல்.ஆர் பாக்கெட்டில் இருக்கும்போதே நீங்கள் 'லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர்' ஆகிவிடலாம். அது பெங்களூரு எம்.ஜி ரோடாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுத் தெருவாக இருந்தாலும் சரி. பக்கத்தில் ஆள் இருந்தால் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஓட்டலாம். ஆள் இல்லையென்றால் பால் வாங்க முக்குக் கடைக்குக்கூட ஓட்ட முடியாது.

பைக்னா இன்னும் சிக்கல்

கார்க்காரர்களுக்காவது பக்கத்து சீட் இருக்கிறது. பைக், ஸ்கூட்டர் பழகுபவர்கள் என்ன செய்வது?

அதே விதியில் டூ-வீலருக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. பைக் பழகும்போது, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. லைசென்ஸ் உள்ள நண்பர் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் சரி. லைசென்ஸ் இல்லாத நண்பர், தங்கச்சி, கேர்ள் ஃப்ரெண்ட், பாய் ஃப்ரெண்ட் யாராக இருந்தாலும் கூடாது. எல்.எல்.ஆர் வைத்திருக்கும் ரெண்டு பேர் ஒரே பைக்கில் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு பாண்டிச்சேரி போவது ஊரில் சாதாரணமாக நடக்கிறது. சட்டத்தின் பார்வையில் அந்த வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர்கூட இல்லை.

தனியாக ஓட்டினால்? அதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள். பல ஊர்களில் போலீஸும் கண்டுகொள்வதில்லை. ஆனால், விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் 'கூட ஒருவர் வேண்டும்' என்ற நிபந்தனையிலிருந்து பைக்குக்கு விலக்கு எதுவும் தரப்படவில்லை. கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, அனுமதி வேறு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விபத்து நடக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

எந்த வகை வண்டிக்கு எல்.எல்.ஆர் வாங்கினீர்கள் என்பதையும் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு வாங்கிவிட்டு கியர் பைக்கை எடுக்க முடியாது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் விஷயம் இன்னும் சீரியஸ். 16 வயதில் எல்.எல்.ஆர் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் சொல்வது 50 சி.சி-க்கு மிகாத வண்டி. இன்று ரோட்டில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி-க்கு மேல். அப்படி ஒரு வண்டியோடு சிறுவர் மாட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

கற்றுக்கொள்ள மட்டும்தான்... சம்பாதிக்க இல்லை

இன்னொரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. அந்த விலக்கு எதற்காகத் தரப்படுகிறது என்பதையும் விதி சொல்கிறது. டெஸ்ட்டுக்குத் தயாராகும் நோக்கத்தோடு பயிற்சி எடுக்க அல்லது அனுபவம் பெற. அவ்வளவுதான்.

பெரிய நகரத்துக்கு வேலை தேடிப் போகிறவர்களுக்கு இது முக்கியம். கையில் எல்.எல்.ஆர், நண்பனின் ஸ்கூட்டர், நடுவில் கொஞ்ச நாள் டெலிவரி வேலை பார்க்கலாம் என்று தோன்றும். தெரிந்தவரின் ஐ.டி-யில் ஓட்டுகிறவர்களும் உண்டு. பின்னால் கற்றுக்கொடுப்பவர் இல்லை, உட்கார வேண்டிய இடத்தில் சாப்பாட்டுப் பை இருக்கிறது, போவது ஆர்டர் கொடுக்க. இதை 'பழகுகிறேன்' என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது. வாடகைக்கு பைக், கார் கொடுக்கும் நிறுவனங்களும் முழு லைசென்ஸைத்தான் கேட்கும். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான இன்டர்நேஷனல் பர்மிட்டுக்கும் முழு லைசென்ஸ் வேண்டும்.

மாட்டினால் என்ன ஆகும்?

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 181. 2019 திருத்தத்துக்கு முன் 500 ரூபாய் வரை இருந்த அபராதம் இப்போது 5,000 ரூபாய். 3 மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது. வண்டி கொடுத்த நண்பருக்குத் தனியாகப் பிரிவு 180. அவருக்கும் அதே 5,000 ரூபாய், அதே 3 மாதம். "என் வண்டிதான், எடுத்துட்டுப் போடா" என்று பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தவர் தலையிலும் ஒரு கேஸ் விழும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. உரிமம் நாடு முழுக்க ஒன்று. ஆனால் ஸ்பாட்டில் கட்டும் தொகை ஒன்றல்ல. கோர்ட்டுக்குப் போகாமல் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. 2019-ல் அபராதம் உயர்ந்ததும் மக்கள் கொந்தளிக்க, குஜராத், கர்நாடகா போன்ற மாநிலங்கள் பல தொகைகளைக் குறைத்தன. தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை அமல்படுத்தியது. அதனால் "எங்க ஊர்ல இவ்வளவுதானே" என்று பக்கத்து மாநில போலீஸிடம் பேசிப் பயனில்லை.

பணத்தைவிடப் பெரிய தலைவலி இன்னொன்று. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டப்படும் வண்டியைப் பிடித்து வைக்க பிரிவு 207 போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. சொந்த ஊரில் வண்டி ஸ்டேஷனில் நின்றால் யாரையாவது பிடித்து, ஆவணங்களைக் காட்டி எடுத்துவிடலாம். 300 கிலோமீட்டர் தள்ளி, தெரியாத மொழி பேசும் ஊரில், சனிக்கிழமை சாயங்காலம் நின்றால்? கேஸ் நடப்பதும் பொதுவாக அந்த ஊர் கோர்ட்டில்தான். எல்லை தாண்டினால் சட்டம் மாறாது. அலைச்சல்தான் பல மடங்கு ஆகும்.

ஃபைன் சின்ன விஷயம்... இன்ஷூரன்ஸ்தான் பெரிய விஷயம்

5,000 ரூபாய் போனால் ஒரு மாதம் கஷ்டம். இன்ஷூரன்ஸ் போனால் பல வருஷம் கஷ்டம்.

உங்கள் வண்டியின் பாலிசியை எடுத்து 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். இந்தியாவில் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசகத்தின் சாரம் இதுதான்: எல்.எல்.ஆர் உள்ளவரும் இந்த வண்டியை ஓட்டலாம், ஆனால் அவர் மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 3-ஐப் பின்பற்றியிருக்க வேண்டும். ஆமாம், மேலே பார்த்த அதே மூன்று நிபந்தனைகள். போலீஸ் கவனிக்காத 'எல்' போர்டையும், காலியாக இருந்த பக்கத்து சீட்டையும், கிளெய்ம் வரும்போது சர்வேயர் கவனிப்பார். உங்கள் வண்டிக்கான சேதத்தைத் தர மறுக்க அது ஒரு வலுவான காரணம்.

எதிரே வந்தவருக்கு அடிபட்டால்? இதில் உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2004-ல் வந்த 'நேஷனல் இன்ஷூரன்ஸ் எதிர் ஸ்வரண் சிங்' வழக்கு. எல்.எல்.ஆரும் சட்டத்தின் பார்வையில் ஓர் உரிமம்தான், ஓட்டியவர் கையில் எல்.எல்.ஆர் மட்டும் இருந்தது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு நஷ்ட ஈடு தர இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்க முடியாது என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. ரோட்டில் அடிபட்டவர் நிர்க்கதியாக நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

இதைப் படித்துவிட்டு 'அப்பாடா' என்று உட்கார வேண்டாம். அந்தப் பாதுகாப்பு அடிபட்டவருக்கு. வண்டி ஓட்டிய உங்களுக்கு அல்ல. பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாக நிரூபணமானால், 'முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று கோர்ட் சொல்ல முடியும். அந்த உரிமையாளர் உங்கள் அப்பாவாக இருக்கலாம், வண்டி கொடுத்த நண்பராக இருக்கலாம். உயிரிழப்பு வழக்குகளில் நஷ்ட ஈடு லட்சங்களில் போகும். அதுவும் பக்கத்து மாநிலத்தில் விபத்து என்றால், பாதிக்கப்பட்டவர் தன் ஊரிலேயே வழக்கு போடச் சட்டம் அனுமதிக்கிறது. அலைய வேண்டியவர் நீங்கள்.

இதெல்லாம் எங்கோ யாருக்கோ நடக்கிற விஷயமும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 66.5 சதவிகிதம் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். இறந்தவர்களில் 44.5 சதவிகிதம் பேர் டூ-வீலரில் சென்றவர்கள். அந்த வருடம் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள்.

ஏன் இத்தனை பேர் எல்.எல்.ஆரிலேயே ஓடுகிறார்கள்?

'பசங்களுக்குப் பொறுப்பில்லை' என்று சொல்லிவிட்டுப் போவது ஈஸி. ஆனால் காரணம் அமைப்பிலும் இருக்கிறது.

ஆதார் இருந்தால் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் டெஸ்ட் எழுதி எல்.எல்.ஆர் எடுக்க 2021-ல் வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் 2024-லிருந்து இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் படி இவ்வளவு ஈஸியாகிவிட்டது, ரெண்டாவது படி அப்படியே இருக்கிறது. டெஸ்ட்டுக்கு ஸ்லாட் போட வேண்டும், வேலை நாளில் ஆர்.டி.ஓ ஆபீஸ் போக வேண்டும், இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட வேண்டும்.

இப்போது இப்படி யோசித்துப் பாருங்கள். வீடு திருநெல்வேலியில். வேலை பெங்களூரில். எல்.எல்.ஆர் வாங்கியது தீபாவளி லீவில். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அதற்குள் லீவு முடிந்து ஊருக்குத் திரும்பியாச்சு. டெஸ்ட்டுக்காக ரெண்டு நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து, ஊருக்குப் போக வேண்டும். 'பொங்கலுக்குப் பாத்துக்கலாம்', 'சித்திரைல பாத்துக்கலாம்' என்று தள்ளித் தள்ளி, 6 மாதம் ஓடி எல்.எல்.ஆர் காலாவதி. மறுபடி ஒரு எல்.எல்.ஆர். இப்படி வருஷக்கணக்கில் 'நிரந்தரப் பழகுநர்' ஆக இருப்பவர்கள் உங்கள் ஆபீஸிலேயே இருப்பார்கள். அந்த 6 மாதம் முடிந்ததைக் கவனிக்காமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்பவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும் என்கிறது விதி 3. எத்தனை வருஷ அனுபவம் வேண்டும் என்று சொல்லவில்லை. நேற்று லைசென்ஸ் வாங்கிய நண்பர் இன்று உங்களுக்கு 'பயிற்சியாளர்' ஆகிவிடலாம். பிரிட்டனில் பழகுநரோடு உட்கார்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் வாங்கி 3 வருஷம் முடிந்திருக்க வேண்டும். அங்கே மோட்டார்வேயில் பழகுநர்கள் கார் ஓட்ட 2018 வரை அனுமதியே இல்லை. இப்போதும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளருடன், ரெண்டு பக்கமும் பிரேக் உள்ள காரில்தான் போக முடியும். நம் விதி 3-ல் எந்த ரோடு, எந்த நேரம் என்ற பேச்சே இல்லை. முதல் நாள் கிளட்ச் மிதித்தவர் மறுநாள் நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே போனாலும் விதி தடுக்காது. எல்.எல்.ஆரைச் சுலபமாகக் கொடுக்க முடிவெடுத்த அரசு, அதோடு சேர்த்து இதையும் யோசித்திருக்க வேண்டும்.

வேலை ஒரு ஊர், வீடு ஒரு ஊர்... லைசென்ஸ் எங்கே எடுக்கலாம்?

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கச் சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில், அல்லது நீங்கள் பயிற்சி எடுக்கும் டிரைவிங் ஸ்கூல் இருக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு குறிப்பிட்ட எல்லைக்குட்பட்ட ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அந்த மாநிலத்தின் எந்த உரிமம் வழங்கும் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

பெங்களூரில் ரெண்டு மூன்று வருஷம் இருக்கப்போகிறீர்கள் என்றால், அங்கேயே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு அந்த ஊர் முகவரிக்கு ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை வைத்து ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏற்கெனவே தமிழ்நாட்டில் எல்.எல்.ஆர் எடுத்திருந்தால், விண்ணப்பிக்கும் முன் அந்த ஊர் ஆர்.டி.ஓ ஆபீஸில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். அங்கேயே புதிதாக ஒரு எல்.எல்.ஆர் எடுப்பது சுலபம் என்று தோன்றினால் அதையே செய்யலாம். மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர் கட்டணம் 150 ரூபாய், டெஸ்ட்டுக்கு 50 ரூபாய்தான். மாநிலக் கட்டணம் கொஞ்சம் கூடலாம்.

எந்த மாநிலத்தில் எடுத்தாலும் முழு லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். ஊர் மாறினாலும் புதிதாக எடுக்க வேண்டாம். 30 வயது ஆவதற்குள் எடுத்துவிட்டால் 40 வயது வரை புதுப்பிக்கும் வேலையே இல்லை. பத்து வருஷ நிம்மதிக்கு ஒருநாள் லீவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

எல்.எல்.ஆரோடு எல்லை தாண்டியே ஆக வேண்டும் என்றால், இதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

* எல்.எல்.ஆரில் இருக்கும் கடைசித் தேதி என்ன? அது எந்த வகை வண்டிக்கு? ரெண்டையும் பாருங்கள்.

* கூட வருபவரின் லைசென்ஸ் காலாவதி ஆகவில்லையே? அது இதே வகை வண்டிக்குத்தானா? கூச்சப்படாமல் வாங்கிப் பாருங்கள்.

* 'எல்' போர்டு முன்னாலும் பின்னாலும் இருக்கிறதா? கடையில் காந்த போர்டே கிடைக்கிறது. ஓட்டுநர் மாறி முழு லைசென்ஸ் உள்ளவர் ஓட்டும்போது கழற்றிக்கொள்ளலாம்.

* ஆர்.சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று போனில் இருந்தால் போதும். டிஜிட்டல் ஆவணங்களைக் காட்டலாம் என்று 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் எல்.எல்.ஆரின் பிரின்ட் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் சிக்னல் கிடைக்காத நேரத்தில் அதுதான் உதவும்.

* பைக் என்றால் ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். எந்த மாநிலமாக இருந்தாலும்.

* போலீஸ் நிறுத்தினால் நிறுத்துங்கள். சலான் போட்டால் ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

* மலைப்பாதை, ராத்திரி நேரம், மழை... இந்த மூன்றிலும் ஸ்டீயரிங்கை அனுபவசாலியிடம் கொடுத்துவிடுங்கள். சட்டம் தடுக்கவில்லைதான். ஆனால் வயநாடு போகும் வழியில் தாமரச்சேரி சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள் கிளட்ச் பழகுவதற்கான இடம் இல்லை. காலியான ரோட்டில், காலை நேரத்தில் உங்கள் பங்கை ஓட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை குரூப்பில் யாராவது "எல்.எல்.ஆர் அங்க செல்லுமா?" என்று கேட்டால், "செல்லும். ஆனா பக்கத்துல யார் உட்காரப் போறாங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு யாரிடமும் பதில் இல்லையென்றால், ஸ்டேட் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஜன்னல் சீட் நல்லாத்தான் இருக்கும். டெஸ்ட் ஸ்லாட்டை அந்தப் பயணத்திலேயே போனில் புக் பண்ணிவிடலாம்.